நாய்க்கு அரைச்சாண் தண்ணீர் போதும்

சித்திரை பிறந்ததும் எங்கள் வீட்டு மணி முற்றத்தை விட்டுவிடுவான். கிணற்றடிக்குப் போய், உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில் எப்போதும் ஈரமாக இருக்கும் சீமெந்துத் தரையில் வயிற்றை ஒட்டவைத்து, பின்னங்கால்களைத் தவளைபோல விரித்துப் படுப்பான். மத்தியானம் முழுக்க அந்த இடம்தான். நாய்க்குத் தண்ணீர்த் தொட்டி வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகமுன் இந்தக் காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எப்படிப்பட்ட தொட்டி வேண்டும் என்பதை நாய் படுக்கிற விதமே சொல்லிவிடும்.

நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்கோ பாதங்களின் அடியில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். அது உடற்சூட்டைத் தணிக்கப் போதாது. அதனால்தான் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கிறது. சாதாரணமாக நிமிடத்துக்கு 20, 30 தடவை மூச்சுவிடும் நாய், வெக்கை ஏறியதும் 300 தடவைக்கு மேல் இரைக்கும். அவ்வளவு வேகமாக நெஞ்சு அசைந்தால் அந்த உழைப்பே சூட்டைக் கூட்டிவிடாதா? பெரிதாகக் கூட்டாது. ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்றபடி தட்டினால் சின்னத் தட்டே போதும் அல்லவா? நாயும் தன் நெஞ்சுக்கூடும் நுரையீரலும் இயல்பாக அதிரும் வேகத்தில்தான் இரைக்கிறது. மூக்கிலும் நாக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது, ஒவ்வொரு கிராம் நீரும் ஏறக்குறைய 2.4 கிலோயூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். என்ன அழகான ஏற்பாடு!

ஆனால் கடலும் கடல்நீரேரியும் சூழ்ந்த யாழ்ப்பாணத்தில், சோளகம் வீசத் தொடங்கமுன் வரும் புழுக்க நாட்களில் இந்த ஏற்பாடு தடுமாறும். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால் கொடியில் போட்ட துணி காயச் சுணங்குவதுபோல நாயின் நாக்கு ஈரமும் ஆவியாகச் சுணங்கும். நாயின் வழமையான உடல் வெப்பநிலை 38 முதல் 39 பாகை செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. இடையில் இருப்பது இரண்டு பாகைதான். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு ஆவியாதல் நடக்கிற இடமே குறைவு. அவற்றை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இங்கேதான் தண்ணீர் கைகொடுக்கிறது. அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால் அது தோலைத் தொட வேண்டும். முதுகு மயிரின் இடையே காற்று சிக்கி நிற்கும். வாளியால் ஊற்றினாலும் மேலோட்டமாக நனைந்து வழிந்துவிடும். அடிவயிற்றிலும் கவட்டிலும் கக்கத்திலும் மயிர் ஐது. மணி ஈரத்தரையில் வயிற்றை ஒட்டுவது அதற்காகத்தான்.

சரி, எவ்வளவு தண்ணீர் வேண்டும்? 20 கிலோ எடையுள்ள நாயின் உடலை ஒரு பாகை குளிர்விக்க ஏறக்குறைய 70 கிலோயூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அந்த வெப்பம் முழுவதும் 60 லீற்றர் தண்ணீரில் இறங்கினாலும் தண்ணீர் 0.3 பாகைதான் சூடேறும். 80 சென்ரிமீற்றர் அகலமான வட்டத் தொட்டியில் 12 சென்ரிமீற்றர், அதாவது அரைச்சாண் உயரத்துக்கு ஊற்றினால் அந்த 60 லீற்றர் வந்துவிடும். 160 சென்ரிமீற்றர்த் தொட்டியில் அதே உயரத்துக்கு நான்கு மடங்கு, 240 லீற்றர் வேண்டும். சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீரை நம்பியிருக்கிற குடாநாட்டில், அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு சவராகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். நாய் சுருண்டு படுக்காமல் நீட்டிப் படுக்கக்கூடிய அகலத்துக்கு மேல் வாங்காதீர்கள்.

காற்றடைக்கும் தொட்டி வேண்டவே வேண்டாம். பூனைபோல நாயால் நகத்தை உள்ளிழுக்க முடியாது. நாங்கள் முதலில் வாங்கியது இரண்டாம் நாளே ஓட்டையாகிவிட்டது. மடிக்கக்கூடிய தடித்த பிவிசி தொட்டி நல்லது, ஆனால் விளிம்புவரை நிரப்பக்கூடாது. நீர்மட்டம் இரண்டு மடங்கானால் சுவரைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதில் நாயும் சாய்ந்தால் சுவர் மடிந்து தண்ணீர் முழுக்க முற்றத்தில். அடி வழுக்குகிறதா என்று ஈரக்கையால் தடவிப் பாருங்கள். ஒருமுறை வழுக்கி விழுந்த நாய் பிறகு ஏறமாட்டாது. சின்ன நாய்க்குத் தாழ்ந்த பிளாஸ்ரிக் பேசினே தாராளம்.

தொட்டியைவிட அதை வைக்கிற இடம் முக்கியம் என்பேன். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே வருகிறது; சுவரோர நிழல் அப்போது காணாமலே போய்விடும். அதன் பிறகு ஓகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால், வீட்டின் தெற்குச் சுவரோரம் ஒடுங்கிய நிழல் விழும். எல்லா மாதத்துக்கும் நம்பக்கூடியது மாமரமோ வேம்போதான். வெட்டவெளியில் வைத்த அரைச்சாண் தண்ணீர் உச்சி வெயிலில் ஒரு மணித்தியாலத்துக்கு ஐந்து பாகை அளவு சூடேறக்கூடும். கிணற்றிலிருந்து 28 பாகையில் எடுத்த தண்ணீர் இரண்டு மணித்தியாலத்தில் நாயின் உடற்சூட்டை எட்டினால், அது இறங்கி என்ன பயன்? நிழலிலோ, மண்பானையில் நடப்பதுபோல, மேற்பரப்பு நீர் ஆவியாகி மீதியைக் குளிர்த்தியாக வைத்திருக்கும்.

“ஐஸ் வாங்கிப் போடட்டே தம்பி?” என்று பக்கத்து வளவு அக்கா கேட்டா. தேவையில்லை. நாய்க்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் இடையே பத்துப் பாகை வித்தியாசம் இருக்கிறது. குளிர் கூடி நாய் வெளியே பாய்ந்துவிட்டால் குளிர்விப்பும் அதோடு நின்றுவிடும்.

நாய் தள்ளாடினால், சத்தி எடுத்தால், மயங்கினால் தொட்டிக்குள் விடாதீர்கள். தலை தாழ்ந்து மூச்சு முட்டிவிடும். நிழலில் கிடத்தி, வயிற்றிலும் கவட்டிலும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத் துவாயால் போர்த்தி மூட வேண்டாம்; அது சூடேறி ஆவியாதலைத் தடுக்கும். குளிர்விக்கத் தொடங்கிய பிறகே மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடுங்கள்.

பின்னேரம் தொட்டியை வாழைக்கோ முருங்கைக்கோ கவிழ்த்துவிடுங்கள். டெங்கு நுளம்பு தெளிந்த தண்ணீர் நிற்கும் பாத்திரத்தில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையை ஒட்டும். அந்த முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் வெறுமனே ஊற்றிவிட்டால் காணாது. தும்பால் உட்சுவரைச் சுற்றிவர நன்றாகத் தேய்த்து, இரவுக்குக் கவிழ்த்து வையுங்கள்.