டவர் ஃபுல்லா இருக்கு, கால் போகலை

எங்கள் தெருவில் ஒரு அம்மா, மகளின் பிரசவத்துக்காக மெல்போர்ன் போனார். அறுபதைத் தாண்டியவர், தனியாக விமானம் ஏறுவது அதுதான் முதல் தடவை. வீட்டில் ரோமிங் பேக் போட்டுத்தான் அனுப்பினார்கள். அங்கே இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து மருமகனைக் கூப்பிட்டால் கால் போகவில்லை. திரையில் சிக்னல் நாலு பாயிண்டும் நிறைந்து 4ஜி என்று காட்டுகிறது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் சில விநாடி மௌனம், அப்புறம் துண்டிப்பு. மருமகன் வேறு வாசலில் நிற்கிறார். அவர் கூப்பிட்டாலும் இங்கே மணி அடிக்கவில்லை. ஒன்றேகால் மணி நேரம் அந்த அம்மா பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறார்.

ஊர் திரும்பியதும் அந்த போனை என்னிடம் கொண்டுவந்தார்கள். மொபைல் நெட்வொர்க் சோதனையில் எனக்கு 18 வருட வேலை. காரில் ஒரு லேப்டாப், ஐந்தாறு போன்கள், கூரையில் ஒரு ஜிபிஎஸ் ஆண்டெனா. இவற்றோடு சாலை சாலையாகப் போய் சிக்னலை அளந்து எழுதுவோம். எங்கள் பேச்சில் அது டிரைவ் டெஸ்ட். டவர் இல்லாத இடத்தில் ஒருவர் தவிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் டவர் நன்றாக இருந்தும் தவிப்பவர்கள் இப்போது கூடிக்கொண்டே போகிறார்கள். இந்தக் கட்டுரையை எழுத அதுதான் காரணம்.

அந்த போனில் பழுது எதுவும் இல்லை. செட்டிங்கில் வோல்ட்டி (VoLTE) அணைந்திருந்தது, அவ்வளவுதான். 4ஜி முதலில் இன்டர்நெட்டுக்காகவே வடிவமைக்கப்பட்டது. பேச்சையும் அதிலேயே அனுப்பும் ஏற்பாட்டுக்குப் பெயர்தான் வோல்ட்டி. அது இல்லாத போன், கால் செய்யும் அந்த நிமிடத்துக்கு மட்டும் 4ஜியை விட்டு 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கும். பேசி முடித்ததும் திரும்ப ஏறிக்கொள்ளும். நம் ஊரில் ஜியோவைத் தவிர மற்ற நிறுவனங்களிடம் 2ஜி இன்னும் ஓடுகிறது. அதனால் இந்த இறங்குதல் யார் கண்ணிலும் படுவதில்லை. அந்த அம்மாவும் வருடக்கணக்கில் 2ஜியில்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் 2ஜி 2018-க்குள்ளேயே மூடப்பட்டது. 3ஜியும் 2024 அக்டோபரோடு முடிந்தது. இறங்குவதற்குப் படியே இல்லாத இடத்தில் போன் எங்கே இறங்கும்?

ஆஸ்திரேலியா மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூர் 2017-இல் 2ஜியையும் 2024-இல் 3ஜியையும் மூடியது. அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்களும் 2022 முடிவதற்குள் 3ஜியை நிறுத்திவிட்டன. நம் மக்கள் அதிகம் போய்வரும் ஊர்கள்தான் இவை.

வீட்டிலேயே செய்துபார்க்க ஒரு சோதனை இருக்கிறது. வைஃபையை அணைத்துவிட்டு, யாரையாவது கூப்பிட்டுப் பேசிக்கொண்டே திரையின் மேல் ஓரத்தைப் பாருங்கள். பேசும்போதும் 4ஜி அல்லது 5ஜி என்றே இருந்தால் நல்லது. 2ஜி என்றோ E என்றோ மாறினால், அந்த போன் மேலே சொன்ன ஊர்களில் பேசாது. வோல்ட்டி சுவிட்சைப் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் மாறினால் பயணத்துக்கு வேறு போன்தான் வேண்டும். இன்னொன்றும் உண்டு: போன் சரியாக இருந்தாலும், நம் நிறுவனமும் அந்த நாட்டு நிறுவனமும் வோல்ட்டி ரோமிங்குக்குத் தனியாக ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். ஆகவே கஸ்டமர் கேரில் "ரோமிங் இருக்கா?" என்று கேட்டால் போதாது. "அந்த நாட்டில் வோல்ட்டி ரோமிங் இருக்கா, எந்த நெட்வொர்க்கில்?" என்று கேளுங்கள். பதில் சொல்பவருக்குத் தெரியவில்லை என்றால் தெரிந்தவரிடம் இணைக்கச் சொல்லுங்கள். இதில் கூச்சப்பட வேண்டாம்.

அந்த அம்மாவிடம் டேட்டா ரோமிங் சுவிட்சும் அணைந்துதான் இருந்தது. அது மட்டும் போட்டிருந்தால் வாட்ஸ்அப்பிலாவது பேசியிருக்கலாம். பேக் வாங்குவது நிறுவனத்தின் பக்கத்துக் கதவைத் திறப்பது மட்டும்தான். போனுக்குள் இருக்கும் கதவை நாம்தான் திறக்க வேண்டும். பெரியவர்களை அனுப்புகிறவர்கள் விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன் அந்த சுவிட்சைத் தாங்களே போட்டுவிடுங்கள். ஒன்று, துபாய் போகிறவர்களுக்கு வாட்ஸ்அப் கால் கைகொடுக்காது. அமீரகத்தில் அது தடுக்கப்பட்டிருக்கிறது, அனுமதி பெற்ற செயலிகளில்தான் பேச முடியும்.

வெளிநாடே போகாமல் ரோமிங் கட்டணத்தில் மாட்டுகிறவர்களும் உண்டு. தனுஷ்கோடியில் அரிச்சல்முனை வரைக்கும் நாங்கள் டெஸ்ட் எடுத்தபோது, எங்கள் போன்களில் ஒன்று திடீரென்று இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்தது. பக்கத்தில் நின்ற சுற்றுலா வேனிலும் ஒருவர் "இலங்கைக்கு வரவேற்கிறோம்னு மெசேஜ் வருதுங்க" என்று போனை நீட்டினார். இலங்கைக் கரையிலுள்ள தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். நடுவில் கடல், மறைக்க மரமோ கட்டடமோ இல்லை. ஜிஎஸ்எம் என்ற 2ஜி முறையில் ஒரு டவர் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வரை உள்ள போனோடு பேச முடியும். போனிலிருந்து சிக்னல் வந்துசேர ஆகும் தாமதத்தை 63 படிகள் வரை டவர் சரிக்கட்டும். ஒரு படிக்கு சுமார் 550 மீட்டர். பெருக்கிப் பாருங்கள், தலைமன்னார் உள்ளே வந்துவிடும். நம் பக்கம் சிக்னல் மெலியும் இடத்தில், போன் எது பலமோ அதைப் பிடித்துக்கொள்கிறது. ரோமிங் திறந்திருக்கும் எண் என்றால் அங்கே பேசும் ஒவ்வொரு நிமிடமும் வெளிநாட்டுக் கணக்கு.

இதற்கு வழி எளிது. ராமேஸ்வரம் தாண்டும்போது நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மாற்றி, உங்கள் நிறுவனத்தின் பெயரைக் கையால் தேர்ந்தெடுத்துவிடுங்கள். டேட்டா ரோமிங்கையும் அணையுங்கள். திரும்பும்போது மறக்காமல் ஆட்டோமேட்டிக்குக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பயணத்தில் போன் பழைய பெயரையே தேடிக்கொண்டு நிற்கும். "சிம் செத்துப்போச்சு" என்று என்னிடம் வந்த போன்களில் பல இந்த ஒரு காரணத்தால் வந்தவை.

வைஷ்ணோதேவிக்கும் அமர்நாத்துக்கும் குழுவாகப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு சேதி. ஜம்மு காஷ்மீரில் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் பொதுவாக வேலை செய்யாது. பாதுகாப்புக் காரணத்துக்காக வைத்த கட்டுப்பாடு. போஸ்ட்பெய்டு வேலை செய்யும். பதான்கோட் தாண்டிய பிறகு நாற்பது பேர் குழுவில் ஒருவர் போன்கூட எடுக்கவில்லை என்று வீட்டில் பதறுவார்கள். குழுவில் மூன்று நான்கு பேராவது முன்கூட்டியே போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்ளுங்கள், அந்த எண்களை எல்லோர் வீட்டிலும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அடுத்தது ஓடிபி. வளைகுடாவில் வேலை பார்க்கும் பலர் இந்திய சிம்மைக் கழற்றி பர்ஸில் வைத்துவிட்டு அங்கத்திய சிம்மைப் போடுகிறார்கள். 90 நாள் பயன்பாடே இல்லாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் ரத்து செய்ய விதி இடம் கொடுக்கிறது. ரத்தான எண் சில காலம் கழித்து வேறு ஒருவருக்குப் போகும். வங்கிக் கணக்கோ பழைய எண்ணோடுதான் இருக்கும், அதன் ஓடிபி அந்தப் புதியவருக்குப் போகும். நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும் விஷயம் இது. இரண்டு சிம் போடும் போனில் இந்திய சிம்மையும் வைத்து, குறைந்த பேக்காவது போட்டு உயிரோடு வைத்திருங்கள். கட்டணச் செயலிகளையும் ஊரிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். யுபிஐ பதிவின்போது உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வெளியே போக வேண்டும். வெளிநாட்டில் அந்த ஒரு எஸ்எம்எஸ் போகாமல் நின்றவர்கள் ஏராளம்.

இனி அந்தப் பாயிண்டுகளைப் பற்றி. சிக்னலின் பலத்தை டெசிபலில் அளப்போம். எத்தனை டெசிபலுக்கு எத்தனை பாயிண்ட் என்று உலகப் பொதுவான கணக்கு கிடையாது, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. 2010-இல் ஐபோன் 4 சர்ச்சையின்போது, தங்கள் சூத்திரம் முற்றிலும் தவறு, இருப்பதைவிட இரண்டு பாயிண்ட் அதிகமாகக்கூடக் காட்டிவிடுகிறது என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது. உண்மையான அளவு ஆண்ட்ராய்டில் போனைப் பற்றிய பக்கத்தில் சிம் நிலை என்ற இடத்தில் இருக்கும், மைனஸ் எண்ணாக. 4ஜியில் மைனஸ் 90-க்குள் இருந்தால் தாராளம். மைனஸ் 105-க்குப் போனால் ஜன்னல் பக்கம் நகருங்கள். மைனஸ் 115-ஐத் தாண்டினால் பேச்சு வெட்டி வெட்டித்தான் வரும்.

திம்பம் மலைப்பாதையிலும் வால்பாறை ஏற்றத்திலும் இந்த எண் வளைவுக்கு வளைவு முப்பது டெசிபல் மாறுவதை லேப்டாப்பில் பார்த்திருக்கிறேன். முப்பது டெசிபல் என்றால் சிக்னல் பலத்தில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். அங்கே போன் முழு சக்தியையும் போட்டு டவரைத் தேடும், பேட்டரி கையில் சுடச்சுட இறங்கும். பேச வேண்டியதை அடிவாரத்தில் பேசிவிட்டு ஏரோப்ளேன் மோடில் போட்டு ஏறுங்கள், மேலே போய் எடுங்கள்.

அவசரம் என்றால் மட்டும் ஏரோப்ளேன் மோடை எடுத்துவிட்டு 112 போடுங்கள். உங்கள் நிறுவனத்தின் டவர் இல்லாவிட்டாலும், அங்கே எட்டுகிற எந்த நிறுவனத்தின் டவர் வழியாகவும் அந்தக் கால் போகும். திரையில் "எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி" என்று வந்தால் அதற்குப் பொருள் அதுதான். அதைப் பார்த்துவிட்டு டவர் இல்லை என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மா பேரனின் முதல் பிறந்தநாளுக்கு மறுபடி மெல்போர்ன் கிளம்பினார். வோல்ட்டி சுவிட்சைப் போட்டு, மேலே சொன்ன சோதனையை என் எதிரிலேயே செய்து பார்த்தோம். மருமகன் நம்பர், வீட்டு விலாசம், சந்திக்கும் வாசலின் எண் மூன்றையும் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக்கொண்டார். இறங்கியதும் முதல் கால் எனக்குத்தான் வந்தது: "தம்பி, பேசுதுப்பா."