விழுந்து விழுந்து துவைக்கும் மெஷின்

ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷின் வந்திறங்கிய முதல் வாரத்தில் பெரும்பாலான வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: "என்ன, உள்ளே தண்ணியே காணோம்?" கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் துணி ஈரமாகப் புரள்கிறது, தண்ணீர் மட்டம் மட்டும் கண்ணில் படுவதில்லை. டாப் லோடில் துணி முங்கிக் கிடப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றுவேலை போலத்தான் தோன்றும். சோப்புப் பெட்டி வழியாக ஒரு சொம்புத் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிவிடுகிறவர்களும் உண்டு. ஊற்ற ஊற்றத் துணி குறைவாகத்தான் வெளுக்கும்.

டாப் லோடில் டிரம் நிமிர்ந்து நிற்கிறது. அடியில் இருக்கும் தட்டு சுழன்று தண்ணீரைக் கலக்க, துணி நீந்தியபடியே ஒன்றோடொன்று உரசுகிறது. நீந்துவதற்குத் தண்ணீர் வேண்டும். ஃப்ரன்ட் லோடில் டிரம் படுத்திருக்கிறது. அதன் உட்சுவரில் மூன்று மேடுகள் இருக்கும். டிரம் சுற்றும்போது அவை துணியை அள்ளிக்கொண்டு மேலே போகும். உச்சியை நெருங்கும்போது துணி பிடிவிட்டுத் தொப்பென்று கீழே விழும். விழுந்த வேகத்தில் இழைகளுக்கு நடுவே இருக்கும் சோப்புத் தண்ணீர் அழுக்கோடு பிதுங்கி வெளியே வரும், பிறகு புதிதாக உள்ளே போகும். துவைகல்லில் ஓங்கி அடிக்கும்போதும் நடப்பது இதுதான். அங்கே கை ஓங்குகிறது, இங்கே புவியீர்ப்பு அடிக்கிறது. அடியில் தண்ணீர் நிறைய நின்றால் துணி அதில் மெத்தென்று விழும், அடி வீணாகிவிடும்.

இதில் வேகத்தின் கணக்கு கச்சிதமானது. வீட்டு மெஷின் டிரம்மின் விட்டம் ஏறக்குறைய 48 செ.மீ. இந்த அளவுக்கு, நிமிடத்துக்குச் சுமார் 61 சுற்றைத் தாண்டினால் துணி சுவரோடு ஒட்டிக்கொள்ளும், கீழே விழாது. ரொம்ப மெதுவாகப் போனால் பாதி உயரத்திலேயே சரிந்து உருண்டுவிடும். அதனால் துவைக்கும்போது டிரம் 50-ஐ ஒட்டிய சுற்றுகளில், கொஞ்ச நேரம் வலமாகவும் கொஞ்ச நேரம் இடமாகவும் திரும்பும். கண்ணாடி முன்னால் நின்று ஒரு சிவப்புச் சட்டையைக் குறிவைத்துப் பார்த்தால், அது எந்த இடத்தில் பிடிவிடுகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

சரி, ஏன் இரண்டு மணி நேரம் எடுக்கிறது? ஜெர்மனியில் ஹென்கெல் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெர்பர்ட் சின்னர் 1959-ல் இதற்கு ஒரு எளிய வட்டம் வரைந்து காட்டினார். சுத்தம் செய்யும் எந்த வேலைக்கும் நான்கு பங்குகள்: ரசாயனம், இயக்கம், சூடு, நேரம். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்டியாக வேண்டும். ஃப்ரன்ட் லோடு தண்ணீரைச் சூடாக்கும் செலவை முடிந்தவரை குறைத்து, அந்தப் பங்கை நேரத்தில் வசூலிக்கிறது. 15 நிமிட 'குவிக்' ஓட்டம் வியர்வை மட்டும் பட்ட ஓரிரு சட்டைகளுக்குச் சரி. பள்ளிக்கூடச் சீருடைக் காலரை அதில் போட்டுவிட்டு மெஷினைக் குறை சொல்லக் கூடாது.

துணி விழ இடம் வேண்டும் என்பதால் எத்தனை துணி போடுகிறோம் என்பது பெரிய விஷயம். மெஷின் மேல் எழுதியிருக்கும் 7 கிலோ, 8 கிலோ எல்லாம் காய்ந்த பருத்தித் துணியின் எடை. சிந்தெடிக் துணிகளுக்கு அதில் பாதிதான், மென்மையான துணிகளுக்கு இன்னும் குறைவு. ஒரு ஜீன்ஸ் முக்கால் கிலோவை நெருங்கும், டபுள் பெட்ஷீட் ஒரு கிலோவை ஒட்டி வரும், பருத்திப் புடவை அரைக் கிலோ. எடை பார்க்கும் சிரமம் வேண்டாம் என்றால், துணியைத் தளர்வாகப் போட்டபின் அதற்கு மேலே ஒரு கையை நீட்டி உள்ளே விட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் போதும். நால்வர் இருக்கும் வீட்டில் தினமோ ஒரு நாள் விட்டு ஒரு நாளோ துவைத்தால் 7 கிலோ தாராளம். கம்பளியும் பெட்ஷீட்டும் வாரக் கடைசியில் மொத்தமாகத் துவைக்கிறவர்கள் 8-க்குப் போகலாம். கடையில் அடுக்கிக்காட்டும் இருபது வகை புரோகிராம்களில் நாம் வழக்கமாகத் திருப்பப்போவது மூன்றோ நாலோதான். அதற்காகக் கூடக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

துணி விழுவதைக் கெடுக்கும் இன்னொன்று நுரை. நுரை வந்தால்தான் அழுக்குப் போகும் என்பது நம் ஊரில் ஊறிப்போன நம்பிக்கை. அழுக்கை எடுப்பது நுரையை உண்டாக்கும் அதே மூலக்கூறுகள்தான், ஆனால் நுரை அவற்றின் பக்கவிளைவு மட்டுமே. கையால் துவைக்கும் தூளை இந்த டிரம்மில் போட்டால் உள்ளே முழுக்க நுரை அடைத்துக்கொண்டு, துணி பஞ்சுமெத்தையில் புரள்கிற கதியாகிவிடும். பம்ப் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுத்துத் திணறும். தண்ணீர் மட்டத்தை அளக்கும் அழுத்தக் கருவியும் குழம்பும். ஃப்ரன்ட் லோடு என்று போட்ட தூளிலும் லிக்விடிலும் நுரையை அடக்கும் சிலிகான் போன்ற பொருட்கள் சேர்த்திருப்பார்கள். அதிலும் பாக்கெட்டில் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம்.

மஞ்சள் கறை ஒரு தனி வேடிக்கை. சாம்பார் சிந்திய வெள்ளை வேட்டியில் சோப்புப் பட்டதும் மஞ்சள் செக்கச்சிவந்து, கறை கூடிவிட்டதோ என்று பயமுறுத்தும். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறப்பொருள் சோப்பின் காரத்தன்மையில் சிவக்கும், அலசியதும் பழைய மஞ்சளுக்குத் திரும்பும். மெஷினில் முழுதாகப் போகவில்லை என்றால் கவலை இல்லை. குர்குமினுக்கு வெயில் ஆகாது. மொட்டைமாடிக் கொடியில் நல்ல வெயிலில் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துவிடும்.

அடுத்தது ஹீட்டர். இந்த வகை மெஷின் வளர்ந்தது குழாயில் சில்லென்று தண்ணீர் வரும் நாடுகளில். அங்கே 30 டிகிரிக்கே ஹீட்டர் வேலை செய்தாக வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் பெரும்பாலான மாதங்களில் அந்தச் சூட்டை ஒட்டியே இறங்கும், மே மாதப் பிற்பகலில் கையே சுடும். தேங்காயெண்ணெய் உருகுவது 24, 25 டிகிரியில் என்பதால், எண்ணெய் ஏறிய தலையணை உறைக்குக்கூட நம் ஊரில் பெரிய சூடு தேவைப்படாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கதை வேறு. சோப்பில் இருக்கும் என்சைம்களும் 30-லிருந்து 50 டிகிரி வரை நன்றாக வேலை செய்கின்றன. ரத்தக்கறை, பால்கறை மாதிரிப் புரதக் கறைகளை எடுத்தவுடன் கொதிநிலைக்குக் கொண்டுபோனால் அவை வெந்து இழையோடு ஒட்டிக்கொள்ளும்.

செலவையும் பார்த்துவிடலாம். துவைக்கும் கட்டத்தில் 15 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், 30-லிருந்து 40 டிகிரிக்கு ஏற்றக் கிட்டத்தட்ட 0.17 யூனிட், 60 டிகிரிக்கு ஏற்ற 0.52 யூனிட். நோயாளியின் துணி, குழந்தையின் துணி, சமையலறைக் கைப்பிடித் துணி ஆகியவற்றுக்கு 60 வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் சூடில்லாமலோ 40-லோ ஓட்டலாம். ஹீட்டர் 2,000 வாட் என்றால் அது மட்டுமே 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதனால் 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டவே கூடாது. எர்த் சரியாக இருக்கும் 16 ஆம்பியர் பிளக் வேண்டும்.

போர் தண்ணீர் வீடுகளில் இதே ஹீட்டருக்குத்தான் முதல் ஆபத்து. குடிநீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசிய உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பல புறநகர்ப் போர்களில் அந்த எல்லையும் தாண்டும். சூடாகும்போது அந்தக் கால்சியம் சுண்ணாம்புப் படிவமாக ஹீட்டர் மேல் அப்பிக்கொள்ளும். சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தேங்கி, ஒருநாள் ஹீட்டர் எரிந்துபோகும். இன்னொரு பக்கம் கால்சியம் சோப்பின் சக்தியையும் தின்றுவிடுவதால் கறுப்புத் துணியில் வெள்ளைத் திட்டுகள் நிற்கும். அவ்வப்போது, கையேடு அனுமதித்தால், வெறும் டிரம்மில் சிட்ரிக் ஆசிட் போட்டு 60 டிகிரியில் ஓட்டினால் படிவம் கரையும். அதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

துவைத்து முடித்துப் பிழியும்போது மெஷினின் குணமே மாறிவிடுகிறது. நிமிடத்துக்கு 1,200 சுற்றில், டிரம் சுவரோடு ஒட்டிய துணி தன் எடையைப்போல் 380 மடங்கு விசையில் வெளிப்பக்கம் அழுத்தப்படுகிறது. ஒரு கிலோ ஈரத்துணி ஒரு பக்கம் கூடிப்போனால், 380 கிலோ எடை சுற்றிச்சுற்றி இழுப்பதற்குச் சமம். 1937-ல் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் கொண்டுவந்த முதல் தானியங்கி ஃப்ரன்ட் லோடைத் தரையோடு போல்ட் போட்டு முறுக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் இதுதான். இன்றைய மெஷினில் டிரம்மைத் தாங்கும் தொட்டி முழுவதும் ஸ்பிரிங்கில் தொங்குகிறது, கீழே அதிர்வுதாங்கிகள் பிடித்துக்கொள்கின்றன. அதோடு பெரிய கான்கிரீட் பாளங்களைக் கட்டியிருப்பார்கள். அறுபது கிலோவுக்கு மேல் எடை வருவதன் ரகசியம் இந்தக் கான்கிரீட்தான்.

லாரியில் வரும்போது தொட்டி ஆடாமலிருக்கப் பின்பக்கம் மூன்று நான்கு போல்ட்கள் போட்டிருப்பார்கள். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் மெஷின் அறையைச் சுற்றி நடந்துவரும். கழற்றிய போல்ட்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், வீடு மாறும்போது தேவைப்படும். அப்புறம், பிழிவதற்கு முன் மெஷின் துணியை மெதுவாகச் சுற்றிப் பரப்பிப் பார்க்கும். எடை சமமாகவில்லை என்றால் நிறுத்தி மறுபடி முயலும். ஒற்றைப் பெட்ஷீட்டை மட்டும் போட்டால் கடைசி ஒன்பது நிமிடம் அரை மணி நேரமாக இழுப்பது இதனால்தான். கூட இரண்டு துண்டைப் போட்டால் தீர்ந்தது. 1,400 சுற்று மாடலுக்கு ஆசைப்பட வேண்டாம் என்பேன். 1,000, 1,200 சுற்றிலேயே பெரும்பகுதித் தண்ணீர் போய்விடும், மிச்சத்தை நம் வெயில் பார்த்துக்கொள்ளும். வெயிலே எட்டாத அடுக்குமாடி பால்கனிக்காரர்கள் மட்டும் யோசிக்கலாம்.

வாங்கும் முன் கடையைவிட வீட்டில் பார்க்க வேண்டியவை அதிகம். தண்ணீர் உள்ளே வரும் வால்வில் மின்காந்தம் திறப்பது ஒரு சின்னத் துளையைத்தான். பெரிய ரப்பர் சவ்வைத் தூக்குவது தண்ணீரின் சொந்த அழுத்தம். பல மாடல்களுக்கு 0.3 பார் வேண்டும், சிலவற்றுக்கு அதற்கும் மேல். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார். அப்படியானால் மொட்டைமாடித் தொட்டிக்கு நேர்கீழே மேல்மாடியில் இருப்பவருக்குக் கிடைப்பது மூன்று மீட்டர், அதாவது எல்லைக்கோடு. பிரஷர் பம்ப் செலவையும் சேர்த்துத்தான் மெஷின் விலையைக் கணக்கிட வேண்டும்.

கழிவுநீர்க் குழாய் இன்னொரு பொறி. பாத்ரூம் தரைத் துளைதான் பக்கத்தில் இருக்கிறதே என்று குழாயை நேரே தரையில் போட்டுவிடுவார்கள். மெஷின் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே குழாயின் வாய் இருந்தால், ஒருமுறை பம்ப் ஓடிக் குழாய் நிறைந்ததும் சைஃபன் கிளம்பி, அதாவது பம்ப் இல்லாமலே குழாய் தானாக இழுக்கத் தொடங்கி, உள்ளே வருகிற தண்ணீர் வந்தபடியே வெளியே போகும். மெஷின் நிரப்பிக்கொண்டே இருக்கும், முடிவில் பிழை எண் காட்டும். சர்வீஸ்காரர் வந்து குழாயை அறுபது செ.மீ. உயரத்துக்கு மேல் தூக்கிக் கட்டிவிட்டு விசிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு போவார்.

பராமரிப்பு ரொம்ப இல்லை. துவைத்தபின் கதவு ரப்பரின் மடிப்பைத் துடைத்து, கதவைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள், பூஞ்சை வராது. முன்பக்கம் கீழ்மூலையில் ஒரு சின்ன மூடி இருக்கும், பம்ப் வடிகட்டி அதற்குள்தான். மெஷின் ஆறியபின், கீழே தட்டு வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகினால் மிச்சத் தண்ணீரோடு ஊக்கு, ஹேர்பின், சட்டைப்பையில் மறந்த இரண்டு ரூபாய் நாணயம் எல்லாம் வரும். தண்ணீர் வடியாமல் மெஷின் நின்றுபோனால் யாரையும் கூப்பிடும் முன் இந்த மூடியைத் திறந்து பாருங்கள்.