நிலைமம் என்றால் சோம்பலா?

"ஜடம் மாதிரி உட்கார்ந்திருக்காதே" என்று வீட்டில் திட்டு வாங்காதவர்கள் குறைவு. அந்த ஜடம்தான் இலங்கைப் பாடநூல்களில் 'சடத்துவம்' ஆனது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அதற்கு 'நிலைமம்' என்று பெயர். இரண்டுமே, ஒரு பொருள் தன் நிலையைத் தானாக மாற்றிக்கொள்ளாத பண்பான இனர்ஷியாவைக் குறிப்பவைதான். ஆனால் இரண்டும் ஒரே கருத்தைச் சொல்லவில்லை.

இனர்ஷியா லத்தீன் சொல். 'இனெர்ஸ்' என்பது அதன் வேர்: 'இன்' என்றால் இல்லாத, 'ஆர்ஸ்' என்றால் கைத்திறன். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், கையாலாகாதவன். அதிலிருந்து சோம்பேறி என்ற பொருளும் வந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சொல்லை இயற்பியலுக்குள் கொண்டுவந்தவர் வானியலாளர் கெப்ளர். அவர் பார்வையில் பருப்பொருள் சோம்பேறியேதான். தள்ளிவிட ஆள் இல்லையென்றால் கோள் நின்றுவிடும், அதனால் சூரியன்தான் அதை ஓட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தார். அந்தக் கருத்துக்குச் சடத்துவம் அச்சாகப் பொருந்தும்.

நியூட்டன் 1687இல் வெளியிட்ட பிரின்சிப்பியா நூலில் சொல்லை வைத்துக்கொண்டு பொருளை மாற்றிவிட்டார். ஓய்வில் இருந்தாலும் சரி, நேர்கோட்டில் சீரான வேகத்தில் போனாலும் சரி, வெளிவிசை ஒன்று மாற்றாத வரை பொருள் தன் நிலையிலேயே நீடிக்கும் என்றார். அந்த 'நிலை'க்கு அவர் எழுதிய லத்தீன் சொல் 'ஸ்டாட்டுஸ்'. நிற்றலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது அது. நம் 'நிலை' பிறந்ததும் 'நில்' என்பதிலிருந்துதானே! அதனால் நியூட்டனின் கருத்துக்கு, அவரே பயன்படுத்திய இனர்ஷியாவைவிட நம் நிலைமம் நெருக்கமானது என்பேன்.

ஒரு சிக்கல் உண்டு. நிலை என்றதும் சிலருக்கு நிற்பது மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. ஓடும் பொருளுக்கு நிலைமம் கிடையாது என்று எழுதிவிடுகிறார்கள். சுத்தியலின் தலை ஆடினால் என்ன செய்கிறோம்? பிடியின் அடியைத் தரையில் ஓங்கிக் குத்துகிறோம். பிடி சட்டென்று நிற்க, இரும்புத் தலை தன் ஓட்டத்தை விடாமல் கீழே இறங்கிப் பிடியில் இறுகிக்கொள்கிறது. அந்தத் தலை காட்டுவது இயக்கத்தில் நிலைமம்.

இன்னொரு குழப்பத்துக்கு நியூட்டனே காரணம். இதை 'நிலைம விசை' என்று பொருள்படும்படிதான் அவர் எழுதினார். இன்றைய கணக்கில் இது விசை இல்லை, ஒரு பண்பு. இதன் அளவு நிறை, அலகு கிலோகிராம். எனவே ஒரு பொருளின் மேல் செயல்படும் விசைகளை அம்புகளால் காட்டும் விசைப்படத்தில் நிலைமத்துக்கு அம்புக்குறி போடாதீர்கள். வேகம் மாறும் வண்டி போன்ற, முடுக்கமடையும் குறிப்பாயத்தில் நின்று கணக்குப் போடும்போது நாம் சேர்த்துக்கொள்வது போலி விசை. அது வேறு.

அப்புறம், சுழற்சிப் பாடத்தில் 'நிலைமத் திருப்புத்திறன்' வரும்; சுழற்சி மாறுவதற்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பின் அளவு அது. 'மொமென்ட் ஆஃப் இனர்ஷியா' என்பதற்கு நிகரான தமிழ்ப் பெயர் இது. அந்த மூலப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கணித அறிஞர் ஆய்லர், 1765இல் வந்த தன் நூலில். நிறை எவ்வளவு என்பதோடு, அது அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் இதில் சேரும். ஒரே நிறையும் ஆரமும் கொண்ட வளையத்தையும் வட்டத்தட்டையும் சாய்தளத்தில் வழுக்காமல் உருளவிட்டால் தட்டுதான் முந்தும். வளையத்தின் நிறை முழுவதும் விளிம்பில் இருப்பதால் அதன் நிலைமத் திருப்புத்திறன் தட்டினுடையதைப் போல் இரண்டு மடங்கு.

இந்தப் பெயரில் எனக்குள்ள குறை 'திறன்' மட்டும்தான். வாட்டில் அளக்கும் பவருக்கும் தமிழ்நாட்டில் திறன் என்றே பெயர். இலங்கையில் அதை 'வலு' என்று தனியே பிரித்துவிட்டார்கள். இந்த இடத்தில் மட்டும் நான் அவர்கள் பக்கம்.