பார்கின்சன் நோயும் இதயமும்: எக்கோவில் தெரியாதது

பார்கின்சன் நோயாளிக்கு எக்கோ எடுத்து, இதயம் நன்றாக பம்ப் செய்கிறது என்று ரிப்போர்ட் வந்ததும் வீட்டார் நிம்மதியாகிவிடுகிறார்கள். எக்கோ பார்ப்பது தசையையும் வால்வையும்தான். காபர்கோலின் என்ற பார்கின்சன் மருந்தை நெடுநாள் சாப்பிட்டவருக்கு வால்வு தடித்திருக்கிறதா என்று பார்க்க அது அவசியம். ஆனால் இந்த நோய் இதயத்தில் முதலில் அரிப்பது, துடிப்பையும் பிபியையும் ஏற்றும் பரிவு நரம்புகளின் (சிம்பதெடிக்) நுனிகளை. அதைக் காட்டுவது எம்ஐபிஜி ஸ்கேன்.

இந்த நரம்புகள் சுரக்கும் நார்அட்ரினலினைப் போன்ற ஒரு பொருளில் கதிர்வீசும் அயோடின்-123ஐ இணைத்து ஊசியாகப் போடுவார்கள். நல்ல நிலையிலுள்ள நரம்பு நுனி அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். சுமார் 15 நிமிடத்தில் ஒரு படம், 3 முதல் 4 மணி நேரம் கழித்து இன்னொரு படம். இதயத்தில் பதிவான அளவை நெஞ்சின் நடுப்பகுதி அளவால் வகுப்பார்கள். ஜப்பானில் நடுத்தர ஆற்றல் கொலிமேட்டருக்கு (கேமராவின் முன் கதிர்களை வடிகட்டும் ஈயத் தடுப்பு) 2.2க்குக் கீழே என்றால் குறைவு. குறைந்த ஆற்றல் கொலிமேட்டரில் அதே நோயாளிக்கு எண் இன்னும் இறங்கும். அயோடினின் உயர் ஆற்றல் கதிர்கள் ஊடுருவி வந்து கணக்கைக் கெடுப்பதே காரணம். ஆகவே இரண்டு மையங்களின் எண்களை அப்படியே ஒப்பிடக் கூடாது.

பார்கின்சன் போலவே தோன்றும் எம்எஸ்ஏ (மல்டிபிள் சிஸ்டம் அட்ரோஃபி) நோயில் இந்த நுனிகள் பெரும்பாலும் தப்பிவிடும். இரண்டையும் பிரித்தறியத்தான் ஸ்கேன் பயன்படுகிறது. மாத்திரை அளவை முடிவு செய்ய அல்ல. நோயின் தொடக்கத்திலும், பார்கின் என்ற மரபணுவின் மாற்றத்தால் வரும் வகையிலும் படம் இயல்பாகவே வரலாம்.

தவறு அதிகம் நேர்வது ஸ்கேனுக்கு முன்னால்தான். தூக்கத்துக்கோ வலிக்கோ கொடுத்த அமிட்ரிப்டிலின், பிபி மருந்தான லேபெட்டலால், சூடோஎஃபெட்ரின் உள்ள சளி மாத்திரை ஆகியவை நரம்பு நன்றாக இருந்தாலும் அளவைக் குறைத்துக் காட்டும். எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம். மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, சர்க்கரையால் வந்த நரம்புச் சேதம் இவையும் அளவைக் குறைக்கும். நம் ஊரில் சர்க்கரை நோயாளிகள் இவ்வளவு பேர் இருக்க, இதைக் கேட்காமல் ரிப்போர்ட் படிப்பது வீண். தைராய்டைக் காக்க முன்கூட்டியே பொட்டாசியம் அயோடைடு கொடுப்பதும் உண்டு.

அயோடின்-123இன் அரைவாழ்வு, அதாவது அது பாதியாகக் குறையும் நேரம், 13 மணிதான். சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் செய்து உடனே கொண்டுவர வேண்டியிருப்பதால், எல்லா ஊரிலும் இந்த ஸ்கேன் கிடைக்காது. ஆனால் பிபியைத் தாங்கும் நரம்புகளில் கோளாறு உண்டா என்று ஊகிக்க பிபி கருவி கிடைக்கும். 5 நிமிடம் படுக்கவைத்து ஒரு அளவு, எழுந்து நின்றபின் 1, 3 நிமிடங்களில் மறு அளவு. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் நாடித்துடிப்பையும் பாருங்கள். மேல் அளவு 30 இறங்கியும் துடிப்பு 15கூட ஏறவில்லை என்றால், கோளாறு நீர்ச்சத்துக் குறைவில் அல்ல, நரம்பில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.