ஸ்கேன் நார்மல், மூச்சு மட்டும் ஏன் இரைக்கிறது?

"ஸ்கேன் ரிப்போர்ட் நார்மல்னு சொன்னாங்களே டாக்டர், அப்புறம் ஏன் படி ஏறினா இரைக்குது?"

சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோடு வருபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. ரிப்போர்ட்டில் பொய் இல்லை. கட்டி இல்லை, நிமோனியா இல்லை என்று எழுதியிருப்பார்கள். மூச்சுக்குழாய் என்ன வடிவத்தில் இருக்கிறது என்று நாம் கேட்கவில்லை, அவர்களும் எழுதவில்லை. பாதித் தப்பு எங்களைப்போல் ஸ்கேனுக்கு எழுதித் தருபவர்கள்மேல்தான்.

மூச்சுக்குழாய் தலைகீழாக நட்ட மரம்போல் சுமார் 23 தடவை கிளை பிரிகிறது. சீராகக் காற்று ஓடும் குழாயில் ஆரம் பாதியானால் தடை 16 மடங்கு ஏறும். அதனால் சுவர் கொஞ்சம் தடித்தாலே மூச்சுக்குக் கஷ்டம்தான். 1 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய துண்டுகளாக சிடி ஸ்கேன் எடுத்தால் குழாயின் உள்வாய் எவ்வளவு, சுவர் எவ்வளவு, சளி எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்கலாம். சிலருக்கு மார்புக்குள் பெரிய மூச்சுக்குழாயே பக்கவாட்டில் ஒடுங்கி வாளுறைபோல் ஆகியிருக்கும். 2020-ல் வந்த ஓர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: நுரையீரலின் அளவுக்குக் குழாய்கள் சிறுத்து அமைந்தவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுதல். 'நான் பீடி, சிகரெட் தொட்டதே இல்லையே' என்று கேட்பவர்கள் சிலருக்கு இதில் பதில் இருக்கிறது.

சரி, சிடியில் எல்லாமே தெரிந்துவிடுமா? தெரியாது. சுமார் 2 மில்லிமீட்டருக்குக் கீழான குழாய்கள் அதற்குப் பிடிபடுவதில்லை. நோய் பெரும்பாலும் முதலில் கைவைப்பதோ அங்கேதான். மூச்சை வெளியே விட்டபின் ஒரு முறை எடுத்தால், காற்று வெளியேற முடியாமல் தங்கிய இடங்கள் படத்தில் கறுப்பாகவே நிற்கும். அதை வைத்து ஊகிக்கிறோம். நோயை உறுதி செய்ய ஸ்பைரோமெட்ரி எனும் ஊதிப் பார்க்கும் பரிசோதனைதான் வேண்டும். குழாயை விரிக்கும் மருந்து கொடுத்தபின் ஊதச் சொல்லும்போது, மொத்தக் காற்றில் 70 சதவீதத்துக்கும் குறைவாகவே முதல் நொடியில் வெளிவந்தால் அடைப்பு இருக்கிறது. ஸ்கேன் நார்மல் என்று அந்தப் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

நானே ஏமாந்த கதை ஒன்று. ஒருவருடைய புது ஸ்கேனில் குழாய்கள் முன்பைவிடக் குறுகித் தெரிந்தன. நோய் முற்றிவிட்டது என்று மருந்தைக் கூட்டப் போனேன். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தபோதுதான் உறைத்தது: புதியதில் உதரவிதானம் மேலேறி நின்றது, பெரிய குழாயின் பின்சுவர் உள்ளே வளைந்திருந்தது. மனிதர் மூச்சை முழுதாக இழுக்கவே இல்லை, குழாய்கள் குறுகித் தெரிந்ததும் அதனால்தான்! இழுத்தால் இருமல் வந்துவிடும் என்று பயந்தாராம்.

இப்போதெல்லாம் ஸ்கேனுக்கு அனுப்பும் முன் என் அறையிலேயே இரண்டு மூன்று முறை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிப் பழக்குகிறேன். இருமல் தொல்லை உள்ளவர்கள் படுக்கையில் ஏறும் முன்பே டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் பொறுத்து எடுப்பார்.