எட்டு வகையும் மனப்பாடம், வாக்கியம் மட்டும் வரவில்லை

ஆங்கிலம் கற்க வருகிறவர்களிடம் 'பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்', அதாவது சொல் வகைகள், எத்தனை என்று கேட்டால், பெரும்பாலும் உடனே எட்டு என்ற பதில் வரும். நவுன் (பெயர்ச்சொல்), ப்ரோநவுன் (பெயருக்குப் பதில் வரும் சொல்), வெர்ப் (வினைச்சொல்), அட்ஜெக்டிவ் (பெயரை விவரிப்பது), அட்வெர்ப் (வினையை விவரிப்பது), ப்ரெபோசிஷன் (பெயருக்கு முன் வரும் உறவுச்சொல்), கன்ஜங்ஷன் (இணைப்புச்சொல்), இன்டர்ஜெக்ஷன் (வியப்புச்சொல்) என்று வரிசை பிசகாமல் ஒப்பிப்பார்கள். சரி, 'வாட்டர்' எந்த வகை? நவுன். அப்படியானால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்று என்று சொல்லும் 'வாட்டர் த பிளான்ட்ஸ்' வாக்கியத்தில்? இங்கேதான் திணறுகிறார்கள். அந்த இடத்தில் அது வெர்ப்.

இந்தத் திணறலுக்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல. தமிழில் சொல்லே தன் வேலையைக் காட்டிவிடும். 'மரத்தை' என்றால் பெயரோடு வேற்றுமை உருபு சேர்ந்திருக்கிறது, 'வந்தான்' என்றால் வினை, காலம், ஆள் மூன்றும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட விகுதிகள் குறைவு. சொல் நிற்கும் இடம்தான் பெரும்பாலும் அதன் வகையைச் சொல்லும். 'ஆஃப்டர் லஞ்ச்' என்னும்போது ஆஃப்டர் ஒரு ப்ரெபோசிஷன். 'ஆஃப்டர் ஹீ கேம்' என்று முழு வாக்கியமே பின்னால் வந்தால் அதே சொல் கன்ஜங்ஷன். ஆகவே ஒரு சொல்லைத் தனியாக எடுத்து வைத்து 'இது என்ன வகை' என்று பிள்ளைகளைக் கேட்காதீர்கள். வாக்கியத்தோடு கொடுத்துக் கேளுங்கள்.

எட்டையும் ஒரே மூச்சில் படிக்கவும் வேண்டாம். முதலில் வெர்ப். தமிழில் 'அவர் மருத்துவர்' என்று வினையே இல்லாமல் வாக்கியம் முடியும். ஆங்கிலத்தில் 'ஹீ இஸ் எ டாக்டர்' என்று அந்த 'இஸ்' வந்தே ஆக வேண்டும். 'அவர் உயரமானவர்' என்பதற்கு 'ஹீ இஸ் டால்' என்று எழுதாமல் 'ஹீ டால்' என்று எழுதுவது இந்தப் பழக்கத்தால்தான். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: 'ஐ ஆம் அக்ரீ'. அக்ரீ தானே வெர்ப், அதற்கு முன் 'ஆம்' தேவையில்லை என்று தெரிந்தால் 'ஐ அக்ரீ' என்று சரியாக வந்துவிடும். நான் திருத்தும் தாள்களில் இந்த இரண்டும்தான் ஓயாமல் வருகின்றன.

வெர்ப் பிடிபட்டால் அதைச் செய்பவர் யார், எது என்று கேட்டு நவுனையும் ப்ரோநவுனையும் கண்டுபிடிக்கலாம். அப்புறம் அட்ஜெக்டிவ். இங்கே சொற்குடும்பம் முக்கியம். சக்ஸஸ் நவுன், சக்ஸீட் வெர்ப், சக்ஸஸ்ஃபுல் அட்ஜெக்டிவ், சக்ஸஸ்ஃபுல்லி அட்வெர்ப். பொருளை மட்டும் படித்தவர் 'ஹீ சக்ஸஸ்' என்று எழுதிவிடுவார். வகையையும் படித்தவர் 'ஹீ சக்ஸீடெட்' என்று எழுதுவார்.

அட்வெர்ப் என்றால் கடைசியில் 'லி' வரும் என்று ஒரு குறுக்குவழி சொல்லித்தருகிறார்கள். அதை முழுதாக நம்பாதீர்கள். 'ஃப்ரெண்ட்லி' அட்ஜெக்டிவ். 'ஹீ ஒர்க்ஸ் ஹார்ட்' என்பதில் 'லி' இல்லாமலேயே ஹார்ட் அட்வெர்ப். அதற்கு 'லி' சேர்த்து 'ஹீ ஹார்ட்லி ஒர்க்ஸ்' என்றால் அவர் வேலையே செய்வதில்லை என்ற அளவுக்குப் பொருள் தலைகீழாகிவிடும். வேலைக்கான விண்ணப்பத்தில் இப்படி எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ப்ரெபோசிஷன் தமிழில் பெயருக்குப் பின்னால் வரும் வேலையை முன்னால் நின்று செய்கிறது: மேசையின் மேல், 'ஆன் த டேபிள்'. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று தமிழில் யோசித்து 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதுகிறோம். டிஸ்கஸுக்கு அபௌட் வேண்டாம். இன்டர்ஜெக்ஷனுக்கு ஐந்து நிமிடம் போதும்.

சில புத்தகங்களில் எட்டுக்குப் பதில் ஒன்பது வகை இருக்கும். எ, த, மை போன்றவற்றை டிடெர்மினர் என்று தனியாகப் பிரிப்பதால் வரும் வித்தியாசம் அது. டயோனிசியஸ் திராக்ஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க இலக்கணமும் எட்டு வகைதான் சொன்னது, ஆனால் அந்த எட்டில் அட்ஜெக்டிவ் தனி வகையாக இல்லை. நம் தொல்காப்பியம் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பார்த்தது. எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இன்று முதல் அகராதியைப் புரட்டும்போது சொல்லுக்குப் பக்கத்தில் சிறிதாக அச்சிட்டிருக்கும் வகைக் குறிப்பையும் படியுங்கள். புதுச் சொல்லை அந்தக் குறிப்போடும் ஒரு வாக்கியத்தோடும் நோட்டில் எழுதுங்கள். ஒரே சொல்லுக்கு இரண்டு வகை போட்டிருந்தால் இரண்டு வாக்கியம் எழுதுங்கள்.