ரவையும் கோதுமைதான், ஆச்சி

சீலியாக் நோய் (கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் பசைபோன்ற புரதம் சிறுகுடலைச் சிதைக்கும் நோய்) என்று உறுதியாகி, குளூட்டன் அறவே கூடாது என்று சொல்லி அனுப்பப்பட்ட ஒரு சிறுமி, பல மாதங்கள் கழித்தும் எடை கூடாமல், இரும்புச்சத்து மாத்திரைக்கும் அடங்காத இரத்தசோகையோடு அண்மையில் திரும்பி வந்தாள். "எங்கள் வீட்டில் சப்பாத்திக் கட்டையைத் தொட்டே வெகுநாள் ஆயிற்று" என்றார் உடன்வந்த அவளுடைய அப்பத்தா. உண்மைதான். ஆனால் காலையில் அடிக்கடி ரவை உப்புமா, விருந்தாளி வந்தால் கேசரி, அவளுக்கு மிகவும் பிடிக்கும் என்பதற்காக ரவையிலேயே செய்யும் ரங்கூன் புட்டு! காரைக்குடிப் பக்கத்தில் உணவியல் ஆலோசனை சொல்லும் எனக்கு இதே உரையாடல் வெவ்வேறு குடும்பங்களோடு திரும்பத் திரும்ப நடப்பதால், இதை எழுத வேண்டியதாயிற்று.

ரவை என்பது தனித் தானியம் அன்று. ரவை விளைகிற வயல் எங்கும் இல்லை. கோதுமையை உடைத்துச் சலித்தால் கிடைப்பது ரவை; தவிட்டையும் முளையையும் நீக்கி மாவாக்கினால் மைதா; அந்த ரவையையோ மைதாவையோ பிசைந்து இழையாகப் பிழிந்து உலர்த்தினால் சேமியா. நிறம் வெள்ளையாகிவிட்டதால் குளூட்டன் போய்விடுவதில்லை, ஏனெனில் கோதுமைமணியின் வெள்ளைப் பகுதியில்தான் அது இருக்கிறது. சம்பா ரவை, பம்பாய் ரவை, வறுத்த ரவை என்று பெயர் எதுவானாலும் நிலைமை ஒன்றே. மைதா மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருகிறது என்று படித்தவர்களும் என்னிடம் வாதிட்டிருக்கிறார்கள். கிழங்கிலிருந்து வருவது ஜவ்வரிசி, அதை இக்குழந்தைகள் சாப்பிடலாம். இட்லி ரவை அரிசியில் செய்யப்படுவதால் அதற்கும் தடையில்லை, பொட்டலத்தில் அரிசி என்று மட்டும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். கடையில் வாங்கும் சத்துமாவிலும் பால் கலக்கும் மால்ட் பானங்களிலும் கோதுமையோ பார்லியோ இருப்பது வழக்கம். பார்லியிலும் குளூட்டன் உண்டு.

அடுத்தது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மாவும் சேர்க்கப்படுகிறது, அது பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா. அரிசிமாவு சேர்த்தவையும் கிடைப்பதால் டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்து வாங்குங்கள். படிக்க முடியாவிட்டால் அந்தக் குழந்தையின் சாம்பாரில் பெருங்காயமே வேண்டாம், பூண்டு போதும்.

"ஒரு சிட்டிகைதானே" என்பீர்கள். சீலியாக் உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து உள்ளே போனாலே சிறுகுடலின் உட்சுவர் சிதையக்கூடும் என்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஒரு தேக்கரண்டி ரவையில் அதைப்போலப் பல மடங்கு இருக்கிறது. குளூட்டன் அற்றது என்று விற்கப்படும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதியே வரம்பு கட்டியிருக்கிறது.

இவ்வளவையும் கேட்டபின் பெற்றோர் கேட்கும் கேள்வி, அந்த விலையுயர்ந்த ரொட்டியையும் பிஸ்கட்டையும் எங்கே வாங்குவது என்பது. இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. வெள்ளைப் பணியாரம் சுடத் தெரிந்த வீட்டுக்கு அவை எதற்கு? ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுத்தம்பருப்பைக் கோபுரமாகக் குவிக்கும் அந்தப் பழைய கணக்கில் எடுத்து, இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நைசாக அரைத்து, உப்பும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் சேர்த்து, சிறிது பால் விட்டுத் தளர்த்திக்கொண்டு, மாவைப் புளிக்கவிடாமல் எண்ணெயில் ஒவ்வொரு கரண்டியாக ஊற்றி எடுத்தால், குளூட்டன் துளியும் இல்லாத இடைப்பலகாரம் தயார். பல ஊர்களில் சுழியத்தை மைதாக் கரைசலில் முக்குவார்கள். நம் சீயத்துக்கு மேல்மாவே பச்சரிசியும் உளுந்தும்தான். கந்தரப்பம், கும்மாயம், தேன்குழல், மாவுருண்டை எதிலும் முறைப்படி கோதுமை கிடையாது. கவுனி அரிசி ஒட்டுகிறதே என்று அஞ்ச வேண்டாம், அந்தப் பசை மாவுச்சத்தின் பசை, குளூட்டன் அன்று. முந்தின இரவே ஊறவைத்துக் குழைய வேகவிட்டு, சர்க்கரையும் தேங்காய்த்துருவலும் நெய்யும் சேர்த்துத் தாராளமாகக் கொடுங்கள். அன்றாடத்துக்கு இடியாப்பமும் ஆப்பமும் கேழ்வரகு அடையும் இருக்கின்றன. ஆனால் கடைப் பலகாரத்துக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன், அதிரசம் உடையாமல் இருக்க மைதாவோ ரவையோ சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டிலும் கவனம் வேண்டும். மைதா சலித்த சல்லடையில் அரிசிமாவைச் சலிக்காதீர்கள். பூரி பொரித்த எண்ணெயில் பணியாரம் ஊற்றாதீர்கள். மாவு மில்லில் முந்தின ஆள் அரைத்த கோதுமையின் மிச்சம் உங்கள் அரிசிமாவோடு சேர்ந்துதான் விழும், ஆகையால் அந்தக் குழந்தைக்கான மாவை வீட்டு மிக்சியிலேயே அரைத்துக்கொள்ளுங்கள்.

வேறு சிலர் வயிறு உப்புகிறது என்று தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்து இரத்தப் பரிசோதனைக்கு வருகிறார்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் அந்தப் பரிசோதனையை நம்ப முடியும். ஆகவே முதலில் மருத்துவரிடம் போங்கள், பிறகு நிறுத்துங்கள். உடல் இளைப்பதற்காகக் குளூட்டனை விட நினைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் எந்த வேலையும் இல்லை.

ஆச்சிமார்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பந்தியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கேசரி விழும்போது இது மட்டும் ஏங்குகிறதே என்று ஒரு வாய் ஊட்டிவிடாதீர்கள். உடனே வயிற்றுப்போக்கு வராததால் ஒன்றும் ஆகவில்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். விசேஷத்துக்கு முன்பே சமையல்காரரிடம் சொல்லி, புது எண்ணெயில் முதல் ஈட்டிலேயே இக்குழந்தைக்கு வேண்டிய பணியாரத்தைச் சுட்டு மூடித் தனியே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். முடியாதென்றால், வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் கொண்டுபோய் அதே பந்தியில் அதே இலையில் பரிமாறுங்கள்.